பக்கத்துத் துடுப்புக்காரி

இன்று காலை எங்கள் தெருமுனையில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது. மழையில் தார்ப்பாய் விலகி, மேலே அடுக்கியிருந்த பஞ்சுப் பேல்கள் நனைந்து ஊறிக் கிடந்தன. பால் வாங்கப் போன நான் பாலை மறந்துவிட்டு அங்கேயே நின்றேன். நனைந்த பஞ்சும் நனைந்த சாக்கும் கலந்த அந்த வாடை உனக்குத் தெரியும். டிரைவர், "என்னம்மா, வழி வேணுமா?" என்று கேட்டான். வழியெல்லாம் வேண்டாம், சும்மா கொஞ்ச நேரம் நிற்கிறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும். எழுபது தாண்டியவளுக்கு நடுத்தெருவில் நிற்கக்கூடவா உரிமை இல்லை?

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் நினைவுக் கூட்டம். கூட்டம் தொடங்கும் முன் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அம்மாவோட மோதிர அற்புதத்த நேர்ல பாத்தவங்க இப்ப நீங்க ஒருத்தங்கதான் இருக்கீங்க. நீங்கதான் எந்திரிச்சு சாட்சி சொல்லணும்" என்றாள். நெற்றியில் குங்குமத்தோடு, உங்கள் கோயிலில், மைக் முன்னால் நான்! உண்மையைச் சொன்னால் உன் பிள்ளைகள் பிறந்தது முதல் நம்பி வந்தது ஒரு நிமிஷத்தில் போய்விடும். பொய் சொன்னால் உன் படத்துக்கு எதிரே நின்று பொய் சொன்னவளாவேன். நான் என்ன செய்யட்டும் ஏளா?

என்ன சொன்னேன் என்பதை உன்னிடம் ஒப்புவித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் ஆரம்பத்திலிருந்துதான் வருவேன். நான் எதையாவது சுருக்கமாகச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

சூயஸ் கால்வாயை மறுபடி திறந்ததற்கு அடுத்த வருஷம், பங்குனி மாதம், அந்த எகிப்துக் கப்பல் நம் புதுத் துறைமுகத்துக்கு வந்தது. மில்லுக்கு நீள இழைப் பஞ்சு. வழியில் எங்கோ கடல்தண்ணீர் புகுந்து பாதிப் பேல்கள் நாசம். யார் பொறுப்பு என்று சர்வே முடிகிறவரை கப்பல் நகரக் கூடாது. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் நாம் இரண்டு டைப்பிஸ்டுகள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் இரண்டே பெண்கள். நீ நாசரேத்து உபதேசியார் மகள். நான் ஏரல் பக்கத்து வயக்காட்டுக்காரி. என் வீட்டுக்காரர் சாகுபுரம் ஃபாக்டரியில் இருந்தார், சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். மற்ற நாளெல்லாம் ஒரே மாடி அறையில் நீயும் நானும். என் கோலப்பொடி டப்பா ஒரு மூலையில், உன் பாட்டுப் புத்தகம் இன்னொரு மூலையில். சாமியை வைத்து ஒருநாள்கூட நமக்குள் சண்டை வந்ததில்லை. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்றுதான் வந்தது.

கப்பல் கரையில் நிற்கிறபோது ரேடியோ அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். அதனால் அந்தக் கப்பலின் ரேடியோ ஆபீசருக்கு வேலையே இல்லை. நரைத்த மீசை, மணிக்கட்டில் பச்சை குத்திய சின்னச் சிலுவை. தினமும் நம் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருப்பார். உனக்கு லெந்து நாட்கள், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம். மதியம் சாப்பிடாமல் வேதத்தைத் திறந்து வைத்திருப்பாய். ஒருநாள் எட்டிப் பார்த்தார். நீ, எகிப்தில் அடிமைகளாக இருந்த ஜனம் தப்பிப் போகச் செங்கடல் பிளந்த இடத்தில் இருந்தாய். "இதில் எங்கள் ஊருக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லையே" என்று சிரித்தார். பிறகு, எங்களிடமும் தண்ணீர் விலகிய கதை ஒன்று உண்டு, இதைவிடப் பழையது என்றார். நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய்.

அவருடைய இங்கிலீஷ் பாதி, கைஜாடை பாதி. ஆனாலும் அந்த மத்தியானம் நம் ஆபீசுக்குள் ஒரு ஏரி வந்துவிட்டது. பிரமிடு கட்டிய ராஜாக்களில் ஒருவனுக்கு மனம் சலித்துக் கிடந்ததாம். மந்திரவாதி யோசனை சொன்னான்: அரண்மனை ஏரியில் படகு விடுங்கள், இருபது பெண்கள் துடுப்புப் போடட்டும், அதைப் பார்த்தால் மனசு தெளியும். படகு போகிறது. தண்ணீரில் நாணல் நிழல், வெயில், துடுப்புச் சத்தம். முன்னால் இருந்தவள் பின்னலை ஒதுக்கும்போது கூந்தலில் மாட்டியிருந்த பச்சைக்கல் மீன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அவள் துடுப்பை நிறுத்தினாள். அவள் வரிசை முழுக்க நிறுத்தியது. படகு நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றது. ராஜா, நீ துடுப்புப் போடு, வேறு மீன் தருகிறேன் என்றான். வேண்டாம், எனக்கு என்னுடையதுதான் வேண்டும் என்றாள். ராஜாவையே பார்த்து!

மந்திரவாதி வந்தான். ஏதோ சொன்னான். ஏரியின் பாதித் தண்ணீரை எடுத்து மறுபாதியின் மேல் மடித்து வைத்தான், நாம் புடவை மடிப்பதுபோல. ஈரத் தரையில் ஒரு பானை ஓட்டின் மேல் அந்த மீன் கிடந்தது. எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பழையபடி விரித்துவிட்டான். பன்னிரண்டு முழ ஆழம் மடித்தபோது இருபத்துநாலு முழம் ஆயிற்றாம்.

"பொய் சொல்லுதவன் முழக் கணக்கு சொல்லுவானாளா?" என்று என் தோளை இடித்தாய்.

"பொய் சொல்லுதவன்தான் முழக் கணக்கு சொல்லுவான்" என்றேன். ரேடியோக்காரருக்கு நம் தமிழ் புரியாவிட்டாலும் சிரித்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஒன்று. மெழுகில் செய்த முதலை தண்ணீரில் விழுந்ததும் நிஜ முதலையாகி ஆளைப் பிடித்ததும், கையில் எடுத்ததும் மறுபடி மெழுகானதும் ஒருநாள். நீ உடனே வேதத்தில் கோல் பாம்பான பக்கத்தைத் திருப்பினாய். ஒரு மகன் மந்திரப் போட்டிக்குப் போகும்போது தாயிடம், நான் தோற்றால் நீ குடிக்கிற தண்ணீர் இரத்த நிறமாகும் என்று சொல்லிவிட்டுப் போனது இன்னொரு நாள். நீ நதி இரத்தமான பக்கத்தைத் திருப்பினாய். எனக்குச் சீண்டாமல் இருக்க முடியுமா? "அப்போ யாரு யாருகிட்டயிருந்து திருடினா? நல்லா மாட்டிக்கிட்டியா?" என்றேன். கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ பென்சிலைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"திருட்டு என்னளா திருட்டு? அத்தன காலம் அந்த ஊர்ல அடிமையா கெடந்தவங்க அந்த ஊரு கதையக் கேக்காமலா இருந்திருப்பாங்க? ஆனா ஒண்ணு பாரு. அங்கன ராஜாவுக்குப் பொழுது போகணும்னு தண்ணிய மடிச்சாங்க. இங்கன அந்த ராஜா சேனைக்கு மேலயே தண்ணி வந்து மூடுது. அவம் கதையவே எடுத்து அவனுக்கு எதிரா நிறுத்திட்டாங்கல்லா!"

சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "ஆனா எனக்கு அந்தத் துடுப்புக்காரியத்தான் பிடிச்சிருக்கு. ஒரு ஜனம் தப்பிக்கணும்னா கடல் பிளக்கத்தான் செய்யும். ஒத்தப் பொம்பளையோட மீனுக்காகவும் பிளக்குது பாரு" என்றாய். அதைச் சொல்லும்போது உன் விரலில் இருந்த மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தாய்.

அந்த மோதிரம். தை மாதம் நிச்சயதார்த்தத்தில் உன் வருங்கால மாமியார், சாத்தான்குளத்து மாமி, தன் விரலிலிருந்து கழற்றி உனக்குப் போட்டது. அவளுடைய அம்மா ஒரு முத்துக்குளிப்பு வருஷத்தில் கடற்கரையில் வாங்கிய முத்து. நெல்மணி அளவு, லேசான மஞ்சள். "இந்த மோதிரத்தோட வந்தாத்தான் எங்க வீட்டுப் படி. தெரியுதா?" என்று சிரிக்காமல் சொன்னாளாம். மாமியின் விரல் வாழைப்பூத் தண்டி. உன் விரலோ குச்சி. மோதிரம் நிற்காததால், அடிப்பக்கம் ஊதா நூலை இருபது சுற்றுச் சுற்றி மாட்டியிருந்தாய். லெந்தில் கல்யாணம் வைக்க மாட்டீர்களே. ஈஸ்டர் கழிந்து இரண்டாம் வாரம் என்று நாள் குறித்தாகிவிட்டது.

சர்வே முடிந்து கப்பல் கிளம்பிய சனிக்கிழமை, ஆபீஸில் எல்லோரும் முயல் தீவுக்குப் போனோம். சிலுவை அண்ணாச்சியின் வள்ளம். சங்கு குளிக்கப் போகாத நாளில் அவர் ஆட்களை ஏற்றிப்போவார். காற்றே இல்லாத காலை. கடல் கலங்காமல், அடியில் பாசி படுத்திருப்பது தெரிந்தது. நம் வள்ளத்தின் நிழலும் பாசிமேல் கூடவே வந்தது. மேலே ஒரு வள்ளம், கீழே ஒரு வள்ளம், நடுவில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மயக்கம். நீ விளிம்பில் சாய்ந்து தண்ணீருக்குள் கையை விட்டாய். "இப்படித்தான் அவ உக்காந்திருப்பா, என்னளா?" என்றாய். ஊதா நூல் ஈரத்தில் இளகி, ஒரு புழுவைப்போல நெளிந்து பின்னால் போனதை நான் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன், பாவி! அது என்ன என்று புரிந்தபோது உன் விரல் காலி.

நீ அலறவில்லை. கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவும் இல்லை. "அண்ணாச்சி, நிறுத்துங்க" என்று மட்டும் சொன்னாய்.

சிலுவை அண்ணாச்சி அன்றைக்கு நான்கு தடவை முங்கினார். அடுத்த வாரம் முழுக்கத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போய்த் தேடினார். "தங்கச்சி, அங்கன பாசி முழங்கால் ஒசரத்துக்குக் கெடக்கு. ஊசி விழுந்தாலும் ஒண்ணு, அண்டா விழுந்தாலும் ஒண்ணு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்று கையை விரித்தார்.

அந்த வாரம் உன்னோடு ஒரே அறையில் இருந்த பாடு எனக்குத்தான் தெரியும். மதியச் சாப்பாட்டை விட்டவள் இப்போது ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டாய். அதே மாதிரி ஒன்று செய்துவிடலாம், மாமிக்கு எங்கே தெரியப்போகிறது என்றேன். என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாய். "ராஜா குடுத்தாலே வேண்டாம்னு சொன்னா அவ. அங்கன ஒருத்திக்கு மடிச்சவரு இங்கன எனக்கு மாட்டேம்பாரா? பெரிய வெள்ளி வரைக்கும் பாப்பேன். கெடைக்கலன்னா நானே சாத்தான்குளம் போயி மாமிகிட்ட சொல்லுவேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்." விளையாட்டாக ஆரம்பித்த கதை உனக்குப் பரீட்சையாகிவிட்டது. கல்யாணம் போவதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த மாப்பிள்ளை போனால் இன்னொருவர். பெரிய வெள்ளி வந்து, மோதிரம் வராமல், நீ பிரார்த்திக்கிற பிரார்த்தனை அப்படியே உடைந்துபோனால் உன்னை யார் ஒட்ட வைப்பது? அதை நினைத்துத்தான் பயந்தேன்.

ஒரு மத்தியானம் பசிமயக்கத்தில் பாயில் தூங்கிப்போனாய். ஒரு நூலை எடுத்து உன் விரலைச் சுற்றி அளவெடுத்தேன். என் கல்யாணத்துக்கு அம்மா போட்ட முத்துக்கம்மல் இருந்ததே, அதில் வலது காதில் ஒரு முத்து மட்டும் மஞ்சளோடியிருக்கும். அதைக் கழற்றி உன் அளவுக்கு ஒரு மோதிரம் செய்யச் சொல்லி, பழைய மோதிரத்தை வாயாலேயே படம் வரைந்து ஆசாரியிடம் சொன்னேன். கம்மலில் அந்த இடத்துக்கு ஒரு கண்ணாடி மணி வைத்துக் கொடுத்தார். வீட்டுக்காரரிடம் முத்து எங்கோ உதிர்ந்துவிட்டது என்றேன். "ஒழுங்கா பாத்து நடக்கமாட்டியா?" என்று இரண்டு சனிக்கிழமை திட்டினார்.

சிலுவை அண்ணாச்சிதான் பிகு பண்ணினார். "பாசில கெடந்து எடுத்தேன்னு பொய் சொல்லச் சொல்லுதீயளா? பெரிய வியாழன் வருது தங்கச்சி! அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு கழுவ?" என்றார். கெஞ்சினேன். நீ சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று சொன்னேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மோதிரத்தை வாங்கிக்கொண்டு போய், மூக்கைப் பிடித்துக் கடலில் ஒரு முங்கு முங்கி எழுந்து வந்தார். "இப்ப இது கடல்லயிருந்துதான வருது. நான் கைல குடுப்பேன். வாயத் தொறக்க மாட்டேன். அம்புட்டுத்தான்." அவருடைய நேர்மையைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

வியாழக்கிழமை, ஆபீஸ் வாசலில், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். உள்ளங்கையை விரித்தார். ஆபீஸே எழுந்து ஓடி வந்தது. நீ அதை எடுத்து விரலில் போட்டாய். கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாய். எல்லோரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றுமே சொல்லாமல் மிஷின் முன்னால் உட்கார்ந்து பாதியில் விட்ட கடிதத்தை அடித்து முடித்தாய். பரவசத்தில் பேச்சு வரவில்லை என்று எண்ணிக்கொண்டேன். ஈஸ்டர் வரை நீ என்னோடு சரியாகப் பேசாததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். மடச்சி!

கல்யாணம் முடிந்தது. ஆபீஸ் ஆட்கள் மூலம் விஷயம் மாமியின் காதுக்குப் போய்விட்டது. அவள் கோபப்படவில்லை. அதைவிட மோசம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டாள். முதல் தடவை சொன்னபோது இடுப்பளவு தண்ணீர். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நான் வந்திருந்தபோது அது பத்து ஆள் ஆழம் ஆகியிருந்தது. மறு வருஷம் கடல் இரண்டு பக்கமும் சுவராக நின்று, நடுவில் சிலுவை அண்ணாச்சி செருப்புக்கூட நனையாமல் நடந்து போனார். சிலுவை அண்ணாச்சி வாழ்நாளில் செருப்புப் போட்டவரல்ல. ராஜாவின் ஏரியிலிருந்து அந்த ஜனத்தின் கடலுக்குக் கதை எப்படிப் போயிருக்கும் என்று நாம் ஆபீஸில் மண்டையைப் போட்டு உடைத்தோமே, அது என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. மாமி சொல்லும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருப்பாய். அடக்கம் என்றார்கள். எத்தனையோ தடவை சொல்லிவிட நினைத்தேன். உன் வீடு அந்த மோதிரத்தின்மேல் நிற்கிறது என்று தோன்றும். பேசாமல் பஸ் ஏறிவிடுவேன்.

மோதிரம் வந்து மூன்று வருஷம் கழித்து, எழுபத்தொன்பதாம் வருஷம், மாமி படுக்கையில் விழுந்தாள். பார்க்க வந்திருந்தேன். மத்தியான வெயில் ஓட்டுச்சந்து வழியாக அவள் கால்மாட்டில் விழுந்து கிடந்தது. வெளியே பனை ஓலை உரசும் சத்தம். ஊரையே ஆட்டிவைத்தவள், பயந்துபோய் உன் கையைப் பிடித்து மோதிரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தண்ணிக்குள்ள போற மாதிரியே இருக்குளா. அந்தக் கடல் கதையச் சொல்லு" என்றாள். அதுவரை ஒருநாளும் உன் வாயால் நீ அதைச் சொன்னதில்லை. என்ன சொல்லப்போகிறாய் என்று உன்னையே பார்த்தேன்.

நீ கடல் கதையைச் சொல்லவில்லை. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு மாமி. அவருக்கு ஒரு ஏரி இருந்துச்சு" என்று ஆரம்பித்தாய். மெதுவாக, தாலாட்டுகிற குரலில். இருபது பெண்கள், துடுப்பு, நாணல் நிழல், பச்சைக்கல் மீன் எல்லாம் வந்தன. ராஜா வேறு தருகிறேன் என்றதும் வந்தது. அவள் மறுத்ததும் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்டிராத ஒன்று வந்தது.

"அவ பக்கத்துல இன்னொரு துடுப்புக்காரி இருந்தா மாமி. அவ யாருக்கும் தெரியாம தன்னோட மீனக் கழட்டித் தண்ணிக்குள்ள போட்டுட்டா. மந்திரவாதி தண்ணிய மடிச்சு எடுத்தது அந்த மீனத்தான். கையில வாங்கின உடனேயே இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இது தன்னோடது இல்லன்னு. தெரிஞ்சும் கூந்தல்ல மாட்டிக்கிட்டா. துடுப்பப் புடிச்சா. படகு நகந்துச்சு."

"நகந்துச்சா?" என்றாள் மாமி.

"நகந்துச்சு மாமி. நல்லாப் போச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாய். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நான்தான் கேட்டேன், "எப்பளா தெரியும்?"

"போட்ட உடனே. நூல் சுத்தாமலே நின்னுச்சே!"

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. தூங்குகிற உன் விரலை அவ்வளவு சரியாக அளந்த நான், பழைய மோதிரம் உனக்குச் சரியாக இருந்ததே இல்லை என்பதை யோசிக்கவே இல்லை.

"ஏன் அன்னைக்கே கேக்கல?"

"கோவம். மூணு நாளு ஒம் மூஞ்சில முழிக்கவே புடிக்கல. நானும் ஆண்டவரும் பேசிக்கிட்டிருந்தோம், நீ நடுவுல பூந்துட்டேல்லா! அவரு தந்திருப்பாரோ மாட்டாரோ, எனக்கு இனித் தெரியவே தெரியாதே. அத நீ எடுத்துக்கிட்ட." கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. மூன்று வருஷக் கோபம், அப்படியே புதிதாக இருந்தது.

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்புறம் ஈஸ்டர் அன்னைக்குத் தல சீவும்போது ஒன் காதப் பாத்தேன்" என்றாய். கையை நீட்டி, அந்தக் கண்ணாடி மணியை ஒரு விரலால் தொட்டாய். கண்டக்டர் விசில் அடித்தான். ஏரல் வருகிறவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம். உன் பிள்ளைகள், என் பிள்ளைகள், அவர்கள் கல்யாணங்கள். நாம் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. யாராவது மோதிர அற்புதத்தை எடுத்தால் மட்டும் நீ என் காலை மெல்ல மிதிப்பாய். நான் இருமுவேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் ஐயர் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். குருவானவரை ஐயர் என்று சொன்னால் என் ஊரில் சிரிப்பார்கள் என்று உன்னை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! முன்வரிசையில் உன் மகள். அவள் விரலில் அந்த மோதிரம். கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். நேற்று அம்மாவைப் பறிகொடுத்தவள் மாதிரியே இருந்தாள். அவளிடமிருந்து இதையும் பிடுங்கவா? சரி, பொய்யே சொல்லிவிடலாம் என்று உன் படத்தைப் பார்த்தேன். அந்த போட்டோவிலும் புருவத்தை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறாய்.

வாயைத் திறந்தேன். மனசுக்குள் கோத்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. நான் பேசினதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு நான் அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். மோதிரம் தண்ணில விழுந்ததப் பாத்தேன். அவ விரல்ல மோதிரம் ஏறினதையும் பாத்தேன். நடுவுல கடல் என்ன செஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. நான் சின்னவ, பயந்தவ. ஆனா ஒண்ணு தெரியும். அதுக்கப்புறம் எனக்கும் அவளுக்கும் நடுவுல மூணு வருஷம் தண்ணி நின்னுச்சு. ஆழமான தண்ணி. தப்பு என்னோடது. எனக்குத் தாண்டத் தெரியல. அவதான் அந்தத் தண்ணிய மடிச்சு ஓரமா வச்சுட்டு நடந்து என்கிட்ட வந்தா. அத நான் கண்ணால பாத்தேன். அதுக்கு நான் சாட்சி."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பின்னால் யாரோ ஒருவர் "ஸ்தோத்திரம்" என்றார். உடனே எல்லோரும் சொன்னார்கள். உன் மகள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அவள் எதை நினைத்து அழுதாளோ, நான் கேட்கவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது இரண்டு பெரிய மனுஷிகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "இந்தம்மாதான் கூட இருந்தவங்களாம். கடலு ரெண்டா நின்னத கண்ணால பாத்திருக்காங்க. மூணு வருஷமா தண்ணி அப்படியே நின்னுச்சாம்!"

திரும்பினேன். சரிசெய்யத்தான் திரும்பினேன். இல்லை, அப்படி இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. பழக்கத்தில் காலை நகர்த்தி உன் கால் எங்கே என்று தேடினேன், நீ மிதிப்பதற்கு. தரை வெறுமையாக இருந்தது. இருமிவிட்டு நடந்து வந்துவிட்டேன்.

கோபமா ஏளா? மறுபடி நடுவில் புகுந்துவிட்டேனா? உன் கேள்விக்கு இப்போது நேராகவே பதில் கிடைத்திருக்கும், அந்த மோதிரம் வந்திருக்குமா வந்திருக்காதா என்று. எனக்குத்தான் தெரியாது. அன்றைக்கு உன்னைத் தனியாக விட்டிருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. நான்கு நாள் பட்டினியாகப் பாயில் கிடந்த உன் முகம் ஞாபகம் வந்தால், மறுபடியும் நூலைத்தான் எடுப்பேன். இரண்டில் எது சரி என்று சொல்ல நீ இல்லை. இரண்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

உன்,
பேச்சி